எட்வர்ட் இறுக்கிய திருகுகள்

2003 ஜூன் 10, செவ்வாய்

காலையில் ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ பேசுவது போல இருந்தது. வால்யூம் சக்கரத்தை எட்டு வரை திருப்பினேன்.

எட்வர்ட் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். "சாரா, இத்தன சத்தம் கைக்கு, எதுக்கு? கீழ் வீட்டு ரெட்டிகாருக்கே தமிழ் வந்துடுச்சு."

செட் மங்கிவிட்டது என்றேன். "செட் இல்ல, உன் காது" என்றார். ரயில்வேயில் கார்டாக இருந்து காலமெல்லாம் விசில் ஊதிய மனுஷன் என் காதைப் பற்றிப் பேசுகிறார்.

எனக்கா காது கேட்காது? ஆலையில் நான் செய்கிற வேலையே கேட்பதுதான். போலீசுக்கும் ராணுவத்துக்கும் வயர்லெஸ் செட்டுகள் வெளியே போவதற்கு முன்னால் கடைசிச் சோதனை எங்கள் பெஞ்சில் நடக்கிறது. பக்கத்து அறையில் அலமு சம்பந்தமில்லாத வார்த்தைகளாக வாசிப்பாள். நான் கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு செட் வழியாக வருவதைக் கேட்டு எழுதுவேன். இரைச்சல், விசில், கரகரப்பு ஏதாவது இருந்தால் செட் திரும்பிப் போகும். அவள் வாசிக்க, நான் கேட்க, இப்படியே எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. ஆலை இருக்கும் குஷாய்குடாவில் போய் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும், சாராவின் காது எப்படி என்று.

ஜூன் 12, வியாழன்

மேனேஜர் ராஜாராமன் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் டீ வரவழைப்பார். டீ வந்தது.

"மிஸஸ் சாரா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாஸ் பண்ணின ரெண்டு செட்ல விசில் இருக்குன்னு இன்ஸ்பெக்‌ஷன்லேர்ந்து திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒரு காது டெஸ்ட் எடுத்துடுங்களேன். இல்லேன்னா, விருப்ப ஓய்வு சர்க்குலர் வந்திருக்கு. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. நிதானமா யோசிங்க."

ஹெட்ஃபோன் பழசு சார், அதை முதலில் மாற்றுங்கள் என்றேன். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இன்னும் ஐந்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அதற்குள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து என்ன செய்வது? எட்வர்டோடு சேர்ந்து பால்கனியிலிருந்து ரயில் எண்ணுவதா?

விருப்ப ஓய்வாம். யாருடைய விருப்பம்?

ஜூன் 15, ஞாயிறு

சர்ச் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்வீட்டி ஆரம்பித்தாள். மாதாப்பூர் சாஃப்ட்வேர் கம்பெனியில் என் மகள் இருபது பேருக்குத் தலைவியாம். ஆகவே வீட்டிலும் மீட்டிங் போடுகிறாள். "மம்மி, நான் வாங்கிக் கொடுத்த மொபைல நீ எடுக்கறதே இல்ல. ரிங் கேட்கலையா? ஜஸ்ட் கோ அண்ட் டெஸ்ட். நோ பிக் டீல்."

அந்த மொபைல் கொசு மாதிரி கத்துகிறது, அதை எவள் எடுப்பாள் என்றேன்.

"அப்போ ரேடியோ? கிறிஸ்மஸ்லயும் எட்டுலதான் வெச்சிருந்த."

கிறிஸ்மஸில் வீடு நிறைய ஆட்கள், சத்தம். அதையெல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

எட்வர்ட் சமாதானம் பேசுகிறேன் என்று வந்தார். கடைசியில் சாப்பாட்டு மேசையிலேயே ஒப்பந்தம் ஆனது. நான் ரேடியோவைப் பழுது பார்க்க வேண்டும். பழுது பார்த்த பிறகு வால்யூம் ஐந்துக்குக் கீழே வைத்து எனக்குச் செய்தி புரிந்தால், காதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புரியாவிட்டால் நான் டாக்டரிடம் போகிறேன், ராஜாராமனுக்கும் நானே போய்ச் சொல்கிறேன்.

சாப்பிட்ட கையோடு செட்டைத் திறந்தேன். 84-இல் என் தம்பி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த செட். சிற்றலை மட்டும் மூன்று பட்டை, இழுத்தால் என் உயரத்துக்குப் பாதி வரும் ஏரியல். திறந்து பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே சின்னச் சின்னத் தகரக் கூடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று நிறம் பூசிய ஒரு திருகு. அது எதையும் பிடித்து நிறுத்தும் திருகு அல்ல. கிதார் கம்பியைச் சுருதி சேர்க்கும் காது மாதிரி, அரைக்கால் சுற்று திருப்பினாலே எல்லாம் மாறிவிடும். அது தளர்வாகத்தான் இருக்க வேண்டும். என் செட்டில் எல்லாத் திருகும் அடி வரை இறுக்கி வைக்கப்பட்டிருந்தது. வெள்ளைத் திருகு விரிசலே விட்டிருந்தது.

"ஏங்க, இதைத் தொட்டீங்களா?"

ஏப்ரலில் பாட்டரி ஸ்பிரிங்கில் துரு எடுக்கத் திறந்தாராம். "உள்ள எல்லா ஸ்க்ரூவும் லூசா இருந்துச்சு சாரா. ஓடற வண்டில ஒரு நட்டு லூசா இருந்தாலும் நாங்க விடமாட்டோம். எல்லாத்தையும் டைட் பண்ணி வெச்சேன்."

பெருமையாகச் சொன்னார். நான் ஸ்வீட்டியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செட்தான். நான் சொன்னேன் அல்லவா, செட்தான்.

ஜூன் 16, திங்கள்

அலமுவிடம் சொன்னேன். பஸ் தார்நாக்கா தாண்டும் வரை சிரித்தாள்.

ஜூன் 21, சனி

கோட்டியில் பழைய ரேடியோ உதிரிகள் விற்கும் குஜராத்தி கல்லிக்குப் போனேன். வெள்ளைத் திருகு போட்ட கூடு வேண்டும். முதல் கடைக்காரர் கம்ப்யூட்டர் மவுஸ்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். "நக்கோ அம்மா, ஏ மால் அப் கோயி நை லேதே." நான் ஒருத்தி வாங்க வந்திருக்கிறேனே, பிறகென்ன யாரும் வாங்குவதில்லை என்று அவருடைய பாஷையிலேயே கேட்டேன். ஸ்டூலை நகர்த்திவிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். தேடினேன். அடியில் மூன்று கிடந்தன. மூன்றையும் வாங்கிக்கொண்டேன், இனிமேலும் எட்வர்ட் இந்த வீட்டில்தானே இருக்கப் போகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டை மாற்றி ஈயப் பற்று வைத்தாயிற்று. பற்று வைக்கும் கை இன்னும் நடுங்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி சுருதி சேர்க்க வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஆகாது, இரும்பு பக்கத்தில் வந்தாலே சுருதி மாறிவிடும். ஸ்வீட்டி சின்ன வயதில் பின்னிவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் ஊசியின் முனையைத் தேய்த்துத் தட்டையாக்கினேன். ஆலையில் என்றால் சிக்னல் ஜெனரேட்டர், திரை, மீட்டர் எல்லாம் இருக்கும். எனக்கு எதற்கு? என்னிடம் காது இருக்கிறது.

மெல்லியதாக வரும் ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மஞ்சள், வெள்ளை, கறுப்பு, மறுபடி மஞ்சள் என்று திருப்பிக்கொண்டே போனேன். மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். எட்வர்ட் வேர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். குற்றவாளிக்கு அது நல்ல தண்டனை.

இன்று முடியவில்லை. குரல் வருகிறது, ஆனால் வார்த்தையின் ஓரம் வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

கறுப்புத் திருகை எதிர்ப்பக்கம் கால் சுற்று கொண்டுபோனேன். பாதி வழியில் சட்டென்று அந்த அறிவிப்பாளர் பெண்ணின் குரல் போர்வையை உதறிவிட்டு எழுந்து வந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, ச, த, ஸ் எல்லாம் நறுக்கென்று. இப்படி அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ நாளாகிறது. சமையலறைக்குப் போய் நின்று கேட்டேன். அங்கேயும் புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மெழுகுவர்த்தியை உருக்கி ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு விட்டேன். இனி யாராலும் அசைக்க முடியாது. பிறகு எட்வர்டையும் ஸ்வீட்டியையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். வால்யூம் நான்கு. செய்தி முழுவதையும் வரிவரியாகத் திருப்பிச் சொன்னேன்.

ஸ்வீட்டி, "கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு இல்ல?" என்று ஆரம்பித்தாள். ஒப்பந்தம் என்னவென்று நினைவுபடுத்தினேன். எட்வர்ட் அவள் தோளைத் தொட்டார். "விடும்மா. மம்மி ஜெயிச்சாச்சு."

நாளைக்கு ராஜாராமனிடம் போய், புது ஹெட்ஃபோன் எங்கே என்று கேட்கப் போகிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

கேட்டேன். வந்துவிட்டது. இனி எந்த செட்டும் திரும்பி வராது.

ஜூலை 6, ஞாயிறு

அலமு வந்திருந்தாள். பூசணிக்காய் சாம்பார் கேட்டிருந்தாள், வைத்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ரேடியோவைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.

அவள் முகம் சுருங்கியது. காதுப்பக்கம் கை போய்விட்டுத் திரும்பியது.

"என்னடி இது, தகர டப்பாவுக்குள்ள குருவி கத்தறாப்ல இருக்கு. ஈயீன்னு ஒரு விசில் வேற. பல் கூசறது."

எந்த விசில்?

"எந்த விசிலா? இதோ இப்பவும் அடிக்கறதேடி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சாம்பாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அலமு சாம்பாருக்குத் தாவினால் ஏதோ பெரிய விஷயம்.

அவளுக்குத்தான் காது கூர்மை அதிகமாகிவிட்டது. வயதானால் சிலருக்கு அப்படி ஆகும்.

ஜூலை 7, திங்கள்

அப்படி யாருக்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 9, புதன்

ரேடியோவை ஆலைக்கு எடுத்துப் போனேன். இரண்டில் ஒன்று தெரிந்துவிடட்டும். கேட்டில் செக்யூரிட்டி, பழைய ரேடியோவை எல்லோரும் வெளியேதான் எடுத்துப் போகப் பார்ப்பார்கள், நீங்கள் உள்ளே கொண்டுவருகிறீர்களே என்று ரொம்ப நேரம் யோசித்து, கடைசியில் பாஸ் எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் அலமுவும் நானும் அலைன்மென்ட் பெஞ்சில் செட்டை மாட்டினோம். அங்கே செட்டின் சுருதி திரையில் கோடாக வரும். ஒழுங்காக இருந்தால் நடுவில் ஒரே மேடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு. சேர்ந்த முதல் வருஷமே எங்களுக்குச் சொல்லித் தந்தது.

என் செட்டின் கோட்டுக்கு நடுவில் பள்ளம். மேடு முழுவதும் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டு நின்றது.

அலமு திரையில் விரலை வைத்து அந்தப் பள்ளத்தைத் தடவினாள். பிறகு மெதுவாக, "எட்வர்ட் அண்ணா பண்ணினதா இருந்தா கோணல்மாணலா இருக்கும். இது அப்படி இல்லடி. தெரிஞ்ச கை பண்ணியிருக்கு. இப்படித்தான் வேணும்னு வெச்சிருக்கு" என்றாள்.

அவள் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. குரலின் கனமான பாகத்தைத் தாழ்த்திவிட்டு, கூர்மையான பாகத்தை மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன். எது எனக்குக் கேட்கவில்லையோ அதை. திருகைத் திருப்பித் திருப்பி, 'இப்போது சரியாகிவிட்டது' என்று நான் நிறுத்திய இடம் ரேடியோவுக்குச் சரியான இடம் இல்லை. எனக்குச் சரியான இடம்.

கோட்டை ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. அலமு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 10, வியாழன்

எனக்கு ஒண்ணும் ஆகல. காலைல எழுந்தேன், சமைச்சேன், பஸ் பிடிச்சேன். எல்லாம் எப்பவும் போலத்தானே இருக்கு? ஒண்ணும் ஆகலன்னா ஏன் பஸ்ல அழுகை வந்துச்சு?

அந்த ரெண்டு செட். புது ஹெட்ஃபோன்ல இந்தப் பத்து நாளா நான் பாஸ் பண்ணின செட்டெல்லாம். அதுல விசில் இருந்திருந்தா? யாரோ ஒருத்தன் எங்கேயோ காட்டுல நின்னுக்கிட்டு அதைக் காதுல வெச்சுக்கிட்டு — வேண்டாம். யோசிக்கவே வேண்டாம்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியாது. எட்வர்டுக்குத் தெரியாது, ஸ்வீட்டி தோத்துப் போனதா நினைச்சுக்கிட்டு இருக்கா, அலமு செத்தாலும் சொல்ல மாட்டா. ஒப்பந்தத்துல நான் ஜெயிச்சிருக்கேன்.

ஆனா அது என் கையால வெச்ச கோடு. அதைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கறது?

ஜூலை 11, வெள்ளி

பெஞ்சில் உட்காரவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டிய செட்டுகளை எல்லாம் அலமுவைக் கேட்கச் சொல்லிவிட்டு வார்த்தைகளை நான் வாசித்தேன். புது ஹெட்ஃபோன் வந்த பிறகு நான் அனுப்பியவற்றையும் திருப்பி எடுத்து அவளைக் கேட்கச் சொன்னேன். ராஜாராமன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூலை 12, சனி

யாரிடமும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனேன். சோதனை செய்தது ஒரு சின்னப் பெண், ஸ்வீட்டியைவிடச் சின்னவள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினாள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருவது எப்படி என்று எனக்கே சொல்லித் தந்தாள்.

கையைத் தூக்கினேன், தூக்கினேன். பிறகு ஒரு நீண்ட அமைதி. அவள் விரல் மட்டும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும் ஒரு வரைபடம் கொடுத்தாள். இடப்பக்கம் மேலே நேராகப் போகிற கோடு, கூர்மையான சத்தங்கள் இருக்கும் வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது. நான் பையிலிருந்து புதன்கிழமை வரைந்த தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் என் கோடு எழுந்திருக்கிறது.

"இது என்ன ஆன்ட்டி? எங்கே டெஸ்ட் எடுத்தீங்க?"

"எங்க வீட்டு ரேடியோல. பின்னல் ஊசிய வெச்சு."

அவளுக்குப் புரியவில்லை. நான் நிதானமாக விளக்கினேன். கேட்டுவிட்டு, இவ்வளவு கிட்டத்தில் எப்படி வரும் என்றாள். என் காது பழுதாகியிருக்கலாம் பெண்ணே, அளந்ததில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வீட்டி, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

ராஜாராமன் டீ சொல்வதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன். அந்த இரண்டு செட்டும் என் தப்புதான் சார், ஹெட்ஃபோன் மேல் குற்றமில்லை. வரைபடத்தை மேசையில் வைத்தேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சர்க்குலரை எடுக்க டிராயரைத் திறந்தார்.

"அது வேண்டாம் சார். காதுக் கருவி ஆர்டர் கொடுத்திருக்கேன். மாட்டிக்கிட்டு வர்றேன், அப்புறம் நீங்களே சோதிச்சுப் பாருங்க."

டிராயர் திறந்தபடியே இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

கருவி வந்துவிட்டது. காதுக்குப் பின்னால் உட்காரும் ஒரு சின்ன வாழைப்பழம். அந்தப் பெண் அதன் மூடியைத் திறந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு திருகைத் திருப்பி, இப்போது எப்படி இருக்கிறது ஆன்ட்டி என்று கேட்டாள். கொஞ்சம் அதிகம், கால்வாசி பின்னால் போ என்றேன். போனாள். இன்னும் ஒரு மயிரிழை என்றேன். கடைசியில் ஸ்க்ரூடிரைவரை என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஒரே ஆரவாரம். செருப்பு இத்தனை சத்தம் போடுமா? கூட வந்த எட்வர்டின் சட்டைப்பையில் சில்லறை பேசுகிறது. மழை தகரக் கூரையில் விழும் சத்தத்தைக் கேட்டு மெட்டுகுடா சந்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். எட்வர்ட் ஏன் என்று கேட்காமல் டிரைவர் தோளைத் தட்டி நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் ரேடியோவைப் போட்டேன். நான்கில்தான் இருந்தது.

ஆண்டவரே. பாத்திரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். அந்த அறிவிப்பாளர் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு கீச்சிடுகிறாள். கூடவே ஒரு விசில், நிற்காமல். கை தானாகப் போய் அணைத்துவிட்டது.

"ஏங்க, இதையா இத்தன நாளும் காலையிலயும் சாயங்காலமும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

எட்வர்ட் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "நீ செய்தி கேட்டு அழுத அன்னிக்கு. ஜூன்ல. சமையல்ரூம்ல நின்னுக்கிட்டு. நான் பார்த்தேன். அப்புறம் நான் என்னத்தச் சொல்றது? ஹவ், ஆமா, நல்லா இருக்குன்னுதான் சொல்லணும்."

அவர் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி மடித்து வைத்தேன். பிறகு, நாளைக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியிருக்கும் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மெழுகைச் சுரண்டிவிட்டு மஞ்சள், வெள்ளை, கறுப்பு மூன்றையும் மறுபடி திருப்பினேன். விசில் எங்கே செத்தது என்று எனக்கே கேட்டது. எட்வர்டைக் கேட்கவில்லை.

குரல் முன்போல நறுக்கென்று இல்லை. நிஜமான ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. கொஞ்சம் ஜலதோஷம் பிடித்திருக்கிறது அவளுக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ராஜாராமன் சோதனை வைத்தார். அலமு வாசித்தாள். வேண்டுமென்றே குரலைத் தாழ்த்தி வாசித்தாள், யாரும் பிறகு பேசக் கூடாது என்று. நடுவில் விசில் அடிக்கும் ஒரு செட்டைச் சொல்லாமல் மாட்டினார்கள். உடனே கழற்றி ஓரமாக வைத்தேன். எழுதியதை எல்லாம் ராஜாராமன் தானே ஒத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"எல்லாம் சரியாதான் இருக்கு மிஸஸ் சாரா. ஆனா கருவி மாட்டினவங்க கேட்கற பெஞ்ச்ல உட்காரலாம்னு ரூல்ல எங்கயும் இல்லையே."

"கண்ணாடி போட்டவங்க மீட்டர் பார்க்கலாம்னு எந்த ரூல்ல இருக்கு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மேலே எழுதிக் கேட்கிறேன், பதில் வரும்வரை அலைன்மென்ட் பெஞ்சில் இருங்கள் என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விருப்ப ஓய்வுக்குக் கடைசி நாள். காலையிலிருந்தே நிர்வாக அலுவலக ஜன்னலில் கூட்டம். எங்கள் பிரிவிலிருந்தும் நாலைந்து பேர் கொடுத்தார்கள். ஒருவர் என் பெஞ்சுக்கு வந்து, நீங்களும் கொடுத்துடலாமே மேடம், வீட்டில் நிம்மதியாக ரேடியோ கேட்கலாமே என்றார். ரேடியோ சரியாகத்தான் இருக்கிறது, அதை எட்வர்ட் கேட்டுக்கொள்வார் என்றேன்.

மூன்று மணிக்கு ராஜாராமன் வந்தார். மேலேயிருந்து பதில் வந்ததா என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன். "வரல. தெரியுமே உங்களுக்கு, இங்கே ஒரு பதில் வர எத்தன நாளாகும்னு." அவசரமில்லை சார் என்றேன். எனக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது.

ஐந்து மணிக்கு அலுவலக ஜன்னலின் ஷட்டரை இழுத்து மூடினார்கள். அந்தச் சத்தம் என் பெஞ்சு வரைக்கும் கேட்டது.